மலையூரில் நீ வெட்டிய தகடு

அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிரீஸில் வாங்கிய அந்த மலைத்தேயிலைப் பொட்டலம் இன்று கையில் அகப்பட்டது. பிரித்ததும் துளசியும் வைக்கோலும் கலந்த அதே வாசனை. "இது இன்னாடி, மாட்டுக்குப் போடற புல்லாட்டம் கீது" என்று சொல்லிக்கொண்டே மூன்று கோப்பை குடித்தவள் நீ. நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. அழ வேண்டியதை அழுதுவிட்டேன். இப்போது உன்னிடம் சொல்ல ஒரு தகவல் இருக்கிறது.

கிரீஸுக்கு நான் போனதே ஒரு கூத்து. உங்கள் தண்டலத்துப் பங்குக் கோயிலில் யாத்திரைக் குழு கிளம்பியது. உன் வீட்டுக்காரர் விமானம் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிறவர். சேரப்பணஞ்சேரி மாரியம்மனைத் தவிர வேறு சாமி தெரியாத என்னை அவருக்குப் பதிலாக இழுத்துக்கொண்டு போனாய். மலைப்பாதை வளைவுகளில் நீ ஜெபமாலை உருட்ட, நான் வாந்திக்குக் கவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாம் போய் இறங்கிய மலையூர் முழுக்கக் கல் வீடுகள், கூரைகூடக் கல் பலகைதான். வாசல்தோறும் தறியில் நெய்த விரிப்புகள், செதுக்கிய மரக் கரண்டிகள். உச்சியில் மாதா கோயில். வெறுங்காலோடு ஏறி வந்தவர்கள் மாதா படத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, வெள்ளித் தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கண், கால், குழந்தை, வீடு என்று ஒவ்வொன்றிலும் ஓர் உருவம். "வேளாங்கண்ணில விக்கறாங்களே, அதே தான்டி" என்றாய். எங்கள் அம்மனுக்கும் கண்மலர் சாத்துவோமே என்றேன் நான்.

கோயிலுக்குக் கீழே அந்தத் தகடுகளைச் செய்யும் பட்டறை. உள்ளே போனதும் நம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தகட்டை அழுத்தக் கையால் சுற்றும் சின்ன பிரஸ், அடியில் உருவம் பதிக்கும் டை, எண்ணெய் நாற்றம். ஆறாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து மறுபடியும் நம் கம்பெனி போலவே ஒரு பிரஸ் ஷாப்பில் நிற்கிறோம். பட்டறைக்காரர் ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றி, இன்னொரு கையால் தகட்டை உள்ளே தள்ளினார். நீ சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாய். அவர் திகைத்தார். உன் இடது கையைக் காட்டினாய். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் உள்ள கை. அவர் சிலுவை போட்டுக்கொண்டு, கை உருவம் பதித்த தகடு ஒன்றை எடுத்து உன்னிடம் நீட்டினார்.

நீ அவருடைய கத்தரியைக் கேட்டு வாங்கி, அந்தத் தகட்டில் மூன்று விரல்களை நறுக்கினாய். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "போனத கேக்கலபா. மிச்சம் கீதே, அதுக்கு நன்றி சொல்லணும்" என்று அவரிடம் தமிழிலேயே சொன்னாய். தரையில் விழுந்த மூன்று துண்டுகளையும் நீ பொறுக்கியபோதுதான் எனக்கு மனசு உடைந்துபோயிற்று. வெளியே கல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

இருங்காட்டுக்கோட்டையில் நம் பிரஸ், இரண்டு பட்டனையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகிவிட்டால் ஒரு கை சும்மா இருக்கும், அடுத்த தகட்டை வைத்துவிடலாம், டார்கெட் ஓடும். அன்றைக்கு என் ஷிஃப்டில் கட்டையைச் செருகி, நழுவாமல் இருக்க என் தலை ரப்பர் பேண்டால் கட்டியதும் நான்தான். எடுக்காமல் வீட்டுக்குப் போனதும் நான்தான். அடுத்த ஷிஃப்டில் அதே பிரஸ்ஸில் நீ உட்கார்ந்தாய், மூன்று விரல்கள் போயின. விசாரணைக்கு ஆள் வருவதற்குள் சூப்பர்வைசர் கட்டையை அகற்றிவிட்டார். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அந்தக் கல்படியில் உட்காரும்வரை பதினோரு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை.

நீ என்னைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு பேசினாய்.

"தெரியும்டி. உன் ரப்பர் பேண்ட் எனக்குத் தெரியாதா? நானும் தான் பாத்தேன், எடுக்கல. எனக்கும் டார்கெட் இருந்திச்சி. அவங்க எழுதினதுல பாதி நெசம்."

"மீதி பாதி?"

"அத நீ போய் எழுதிக் குடு. எங்கூட்டுக்காரர் கிட்ட கூட நான் சொல்லல. சொன்னா உன்னை சும்மா வுட மாட்டாரு."

எழுதுகிறேன் என்றேன். ஊர் திரும்பினோம். நம் கம்பெனியின் ஒரகடத்துப் புது பிளான்ட்டில் எனக்கு லைன் லீடர் வேலை கிடைத்தது. அடுத்த மாதம், பொங்கலுக்கு அப்புறம் என்று மூன்று வருஷம் தள்ளினேன். பயம்தான், வேறொன்றுமில்லை. நீயும் ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. அப்புறம் ஒரு காலையில் உனக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தது.

அந்தத் தகவல் இதுதான். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டையைச் செருகியது நான் என்று என் பெயர், டோக்கன் நம்பரோடு. எச்.ஆர். தம்பி படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், அது முடிஞ்சுபோன ஃபைல். உங்க வேலைக்கே ப்ராப்ளம் ஆயிடும்."

"ஆவட்டும் சார். அவ பேர்ல எழுதனத மாத்துங்க" என்றேன். நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் நகலை இரண்டு தடவை படித்தார். அடிப்பார் என்றே நினைத்து நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவள எத்தினி வாட்டி அவசரக்குடுக்கைன்னு திட்டியிருப்பேன்" என்றார். உள்ளே எழுந்து போய் வெகுநேரம் வரவில்லை. நான் போகாமல் நின்றேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சற்று முன் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "கம்பெனி கேட்டாண்ட நிக்கறேன், வா" என்றார்.