கவரிங் என்று எழுதிய சங்கிலி

12.8.1986, செவ்வாய்

தங்கை வசந்தி லண்டனிலிருந்து போன் செய்தாள். நான் கூரியரில் அனுப்பிய சங்கிலியை அங்கே சுங்கத்தில் நிறுத்திவிட்டார்களாம். அம்மா சாகும் முன் கழற்றி, "சின்னவளுக்குக் குடு" என்று என்னிடம் தந்த ஐந்து பவுன் சங்கிலி.

தங்கம் என்று எழுதினால் அங்கே வரி கேட்பார்கள். இங்கே எல்லோரும் எழுதுவதைப் போல நானும் ஃபாரத்தில் கவரிங் நகை, விலை இருபது வெள்ளி என்று எழுதினேன். சுங்கத்தார் அந்த ஃபாரத்தின் நகலை அவளுக்கு அனுப்பி, இது தங்கமா கவரிங்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, கவரிங்னு போட்டிருக்கு. உங்க கையெழுத்துதான்."

"வரிக்காக அப்படிப் போட்டேன் லா. அசல் தங்கம்."

"ஃபாரத்துல எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இப்போது தங்கம் என்று அவள் சொன்னால், பொய் எழுதியதற்காகப் பறிமுதல் செய்துவிடுவார்கள். கவரிங் என்று கையெழுத்துப் போட்டால் ஒருவேளை விட்டுவிடுவார்கள்.

"கவரிங்னே போட்டுக் குடும்மா" என்றேன்.



"சரிண்ணே. நானும் அப்படியே நினைச்சுக்கிறேன்."

வைத்துவிட்டாள். ரிசீவரை எவ்வளவு நேரம் காதில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.