தேதி முடிந்த பச்சைப் பொட்டலம்

சிஞ்சு, தைவான்

அன்புள்ள அம்மாவுக்கு, குவே வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? குவிநோனில் மழை விட்டதா?

நேற்று காலையிலிருந்து எங்கள் மென்பொருளின் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் 'பில்டு' வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். மிஷின் மக்கர் பண்ணாமலிருக்க, இங்குள்ள வழக்கப்படி சர்வர் மேல் காவலுக்கு வைத்திருக்கும் பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தை, என்னோடு வேலை செய்யும் ஷூஃபென் அக்கா திருப்பிப் பார்த்தார். "தேதி முடிஞ்சிருக்கே! அப்புறம் மிஷின் எப்படிச் சொன்ன பேச்சு கேக்கும்?"

சிரித்தேன். உடனே, மிஷின் சேமித்து வைக்கும் கேச்சில் இருப்பவை எந்தத் தேதி என்று பார்க்கத் தோன்றியது. நிரலை மிஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரைப் புதிதாக மாற்றிய பிறகும், புதிதாகச் செய்யாமல், சேமித்து வைத்த போன மாதத்துத் துண்டுகளையே அது எடுத்துக் கொடுத்திருக்கிறது! கேச்சைத் துடைத்தேன், அக்கா புதுப் பொட்டலம் வைத்தார். பில்டு ஓடிவிட்டது. "எதனால ஓடுச்சுன்னு நெனைக்கிற?" என்கிறார்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். நீங்கள் கேட்கும்போதெல்லாம் 'நல்லா இருக்கேன்' என்று நானும் பழைய பதிலையே எடுத்துக் கொடுக்கிறேன், அம்மா. காய்ந்த இறால் வேண்டும். முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள்.

குவே