லொறியைக் குடுத்திராதீங்க

தானே பிரித்துப் பூட்டிய லொறியின் டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாததால், "பழைய இரும்புக்காரனுக்கே லொறியக் குடுத்திருவோம்" என்று சொல்லிவிட்டு ராஜகோபால் அசந்து தூங்கிவிட்டார். அவரை எழுப்ப மனமில்லாமல், மனைவி யோகமலர் அலுப்போடு ஒரு சீட்டு எழுதிச் சோற்றுச் சட்டி மூடிமேல் வைத்தாள்.

"என்னங்க, இரும்புக்காரர் வந்தா தேத்தண்ணி மட்டும் குடுங்க. ஸ்டார்ட் பண்ணுறப்ப சைலன்சர்ல புகையே வரல. எஞ்சினுக்கு டீசல் போகலன்னுதானே அர்த்தம்? டீசல் பைப்பு பூட்டின எடத்துல நுரை நுரையா காத்து வருது. பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருக்கீங்க, அது சரியா இறுகாமதான் காத்து உள்ள போகுது. புதுசு வாங்க கட்டுகஸ்தோட்டைக்குப் போறேன். பருப்பு சூடாக்கிச் சாப்பிடுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"நேத்து 'ஒனக்கு என்னா தெரியும்'னு கேட்டீங்க. அந்தக் கோவம் இன்னும் போகல. லொறிச் சாவியத் தேடாதீங்க, என் பையில இருக்கு."