நான்காவது கேள்விக்குப் பதில்

தென்காசி
ஆனி 8

அன்புள்ள சங்கரேஸ்வரிக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே அம்மா, பாப்பா, நான் மூவரும் சுகம். உன் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் போன் தருகிறார்கள். அந்த ஒரு மணி நேரமும் மாமாவும் அத்தையும் மகளை விடாமல் லைனில் இருக்கிறார்கள். அதனால்தான் கடிதம். தபாலாபீசில் உறை கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் கூரியரா என்று இரண்டு தடவை கேட்டார்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது. சாரலில் துணி காயவில்லை. பாப்பாவின் சட்டைகளை மின்விசிறிக்குக் கீழே கயிறு கட்டிக் காயப்போடுகிறேன். அவளுக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் வந்திருக்கின்றன. இட்லியைத் தானே பிய்த்துத் தின்கிறாள். உன் அக்கா ஸ்வாதியின் போட்டோவைக் காட்டினால் ‘ம்மா’ என்கிறாள். உன் போட்டோவைக் காட்டினாலும் அதையேதான் சொல்கிறாள். அம்மா இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் என் வேலை விஷயம். காரணமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் சரக்கு இறக்க டோக்கன் கொடுக்கும் மென்பொருள் ஒன்று எங்கள் கம்பெனிக்கு வந்தது. ஊர்ப்பக்கம் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் கோட் நான் எழுதுவதில்லை. ஏஜென்ட் என்று ஒரு ஏஐ இருக்கிறது. வேண்டியதைச் சொன்னால் அதுவே எழுதிவிடும். ஆனால் எடுத்தவுடன் எழுதவிடக் கூடாது. முதலில் பிளான் கேட்க வேண்டும். என்ன செய்யப் போகிறது, எந்த வரிசையில் செய்யும், எதையெல்லாம் தானாக நினைத்துக்கொண்டிருக்கிறது, நம்மிடம் என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதித் தரும். நாம் அதைப் படித்து, திருத்தி, கேள்விகளுக்குப் பதில் எழுதிய பிறகுதான் ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். பிளானில் ஒரு வரியை மாற்ற ஒரு நிமிடம் போதும். கோட் ஆன பிறகு அதே வரிக்கு ஒரு வாரம் ஆகும்.

இதை எனக்குப் பழக்கியது உன் அக்காதான். டெஸ்டிங் வேலை பார்த்தவள் இல்லையா. என் பிளானை வாங்கி வைத்துக்கொண்டு வரிக்கு வரி நிறுத்தி, “இத ஆருட்ட கேட்டிய?” என்பாள். நானாக நினைத்தது என்றால் விடமாட்டாள். “எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டு எங்கிட்ட வந்து தப்பு கண்டுபுடின்னு நிப்பிய. எழுதுததுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டா வாயில உள்ள முத்தா உதுந்துரும்?” என்பாள்.

அவள் போன பிறகு, இந்தப் பத்து மாதமாக நான் பிளான் எதையும் படிக்கவில்லை. ஏஜென்ட் எழுதித் தரும். கண் மேலிருந்து கீழே ஓடும். ‘சரி, ஆரம்பி’ என்று டைப் செய்வேன். மேனேஜர் ஜோஷ்வா, முன்னைவிட வேகமாக முடிக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

வைகாசிக் கடைசியில் மார்க்கெட்டில் டோக்கன் தொடங்கியது. நானும் போயிருந்தேன். கேட்டில் கம்ப்யூட்டர் முன்னால் டோக்கன் போட உட்கார்ந்திருந்தவர் இசக்கிமணி அண்ணன். டெம்போக்கள் ஒழுங்காக உள்ளே போயின. பிறகு சுரண்டை பஸ் வந்தது. ஆறு பேர் மூட்டையோடு இறங்கினார்கள். வண்டி எண் போடாமல் டோக்கன் வராது. அண்ணன் கொஞ்சம் யோசித்துப் பஸ்ஸின் எண்ணையே போட்டார். முதல் ஆளுக்கு டோக்கன் வந்தது. அடுத்த ஆளுக்கு, ‘இந்த வண்டி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது’ என்று வந்தது. கத்தரிக்காய் மூட்டையோடு நின்ற ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, “ஏம்யா, நான் பஸ்ஸ ஓட்டிக்கிட்டு உள்ள வந்தாத்தான் கத்திரிக்காய எடுப்பியளோ?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் போனில் சரிசெய்யப் பார்த்தேன், முடியவில்லை. அதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. அவள் மூட்டையைத் திரும்பப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து பழைய பிளானைத் திறந்தேன். நான்காவது கேள்வி இது: ‘வண்டி இல்லாமல் சரக்கு கொண்டுவருபவர்கள் உண்டா? இருந்தால் அவர்களை எப்படிப் பதிவது?’ அதற்குக் கீழே என் பதில்: ‘சரி, ஆரம்பி.’ அதற்கும் கீழே ஏஜென்ட் எழுதியிருந்தது: ‘பதில் இல்லாததால், எல்லோரும் வண்டியில்தான் வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.’

அது கேட்டிருக்கிறது. நான்தான் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு பிளானையும் தாளில் அச்செடுத்து, வரிக்குப் பக்கத்தில் யாரைக் கேட்டேன் என்று பேர் எழுதுகிறேன். பேர் இல்லாத வரி ஒன்று இருந்தாலும் ஆரம்பிப்பதில்லை. வேலை மெதுவாகப் போகிறது. ஜோஷ்வா இப்போது பாராட்டுவதில்லை.

இனி உன் விஷயம். வீட்டிலும் ஒரு பிளான் இருக்கிறது. உனக்குத் தெரியாது. அக்காவின் வருஷத் திதிக்கு ஆவணியில் லீவு போட்டு வருகிறாய். திதி முடிந்த மூன்றாம் நாள் பண்பொழி திருமலைக் கோயிலில் வைத்து உனக்கும் எனக்கும் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக இருக்கிறார்கள். தையில் கல்யாணம். அரக்கு நிறத்தில் சேலைகூட எடுத்தாகிவிட்டது. உனக்குத் தென்காசிப் பக்கம் போஸ்டிங் கேட்டு மாமா யாரையோ பார்த்துவருகிறார். கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவாய் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சித்திரையிலேயே அம்மா என்னிடம் சொன்னாள். “தாய்க்கு அடுத்தது சித்திதானலே. வேற ஒருத்தி வந்து பாத்துக்கிடுவாளா?” என்றாள். நான் பாப்பாவுக்கு மருந்து அளந்துகொண்டிருந்தேன். ‘சரி’ என்றேன். அதுவும் படிக்காமல் சொன்ன சரிதான்.

போன வாரம் அதையும் ஒரு தாளில் எழுதினேன். சேலைக்குப் பக்கத்தில் அத்தை பேர். நாளுக்கு மாமா. கோயிலுக்கு அம்மா. ‘சங்கரேஸ்வரிக்குச் சம்மதம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் எழுத எந்தப் பேரும் இல்லை.

நேற்றுக் காலையில் மாமாவோடு பழைய குற்றாலம் அருவிக்குப் போனேன். தலை நிறைய எண்ணெயோடு வரிசையில் நின்றார். “சங்கரேஸ்வரிட்ட கேட்டியளா மாமா?” என்றேன். “தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல மாப்ள” என்றார். சத்தமாகக் கேட்டேன். முன்னால் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “நீரு சரின்னுதானவே சொன்னீரு?” என்றார். “யோசிக்காம சொல்லிட்டேன் மாமா. அவள கேக்காம நான் திருமல ஏற மாட்டேன்” என்றேன்.

வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார். பிறகு சொன்னார். “ஸ்வாதிய மட்டும் கேட்டுக்கிட்டா உமக்குக் குடுத்தேன்? நல்லாத்தான வச்சிருந்தீரு. அவளும் நல்லாத்தான…” இன்னும் குளிக்கவே இல்லை, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

எனக்கு அது தெரியாது. நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். வரிக்கு வரி ‘ஆருட்ட கேட்டிய’ என்று கேட்டவளிடம், உன்னை யாராவது கேட்டார்களா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இனிமேல் கேட்க முடியாது. உன்னிடம் கேட்க முடியும்.

உங்களுக்கு என்ன வேண்டும் அத்தான் என்று நீ கேட்கலாம். தெரியவில்லை. என் பேர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். பாப்பாவை நினைத்துப் பதில் எழுதாதே. எப்படி இருந்தாலும் அவளுக்கு நீ சித்திதான். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். திதிக்கு மட்டும் கட்டாயம் வா.

ஓட்டத்தில் முழங்கால் வலிக்கிறது என்று அத்தை சொன்னாள். வலியோடு ஓடாதே, டாக்டரிடம் காட்டு. பயிற்சியை நல்லபடியாக முடித்து யூனிபார்மில் வந்து நில். உன் அக்கா அதற்காக அலமாரியில் ஒரு போட்டோ பிரேம் வாங்கி வைத்திருந்தாள். நேற்றுதான் பார்த்தேன். அப்படியே வைத்திருக்கிறேன்.

என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று உள்ளே இருக்கிறது. ‘வேண்டாம்’ என்றால் அந்த ஒரு வார்த்தை போதும், காரணம் எழுத வேண்டாம். ‘சரி’ என்றால் மட்டும் ஒரு பக்கமாவது எழுதம்மா. வெறும் ‘சரி’யை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அத்தான்,
குற்றாலீஸ்வரன்