வயிற்றுக்குள் ஒரு காவல்

ஐப்பசி 9, திங்கள். தூறல்.

உன்னிடம்தான் சொல்கிறேன், அய்யனாரே. காவல் என்றால் என்னவென்று உனக்குத்தானே தெரியும்.

தம்பி செல்வத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் திருக்கோகர்ணத்துக்கு, என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். பத்து வருடக் குடி. போன வாரம் ரத்தமாகக் கக்கினான். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா சொன்னது:

"வயித்துக்குள்ள வழவழன்னு ஒரு படலம் இருக்கும்மா. ஆசிட் வயித்தையே அரிச்சிராம அதுதான் காவல். குடிச்சுக் குடிச்சு அது போயிருச்சு. இனி ஒரு சொட்டு ஆகாது. விட்டுட்டா தானா வளரும்."

வளருமாம்! ஆறின கஞ்சியில் ஆடை கட்டுமே, அப்படியா?

வாங்க வேண்டியவை: பாசிப்பயறு, நொய், மாத்திரை. நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் ஒரு பாட்டில். பசியே இல்லை என்கிறான், பாவம்.

ஐப்பசி 11, புதன். வெயில்.

மதியம் கண் அசந்தேன். கனவில் உன் மண்குதிரைகள், செல்வத்தின் வயிற்றுக்குள் வரிசையாக. வெள்ளை உரிந்து செம்மண் தெரிகிறது. நான் கஞ்சி ஆடையை எடுத்து எடுத்துப் பூசுகிறேன். ஒரு குதிரை கனைத்தது. விழித்தால் குக்கர்.

இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தான்.

"மாத்திரைய மறந்துராதடா."

"அத மறந்தாலும் அரிஷ்டத்த மறக்க மாட்டேங்க்கா."

சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று சிரித்து.

ஐப்பசி 13, வெள்ளி. மூட்டம். விளக்கேற்றியாயிற்று.

வேளைக்கு முன்பே மூடியைத் திறந்துகொண்டு நிற்கிறான். "இன்னும் ஒரு மூடி ஊத்துக்கா. ஒன் கை ராசி, நெஞ்செல்லாம் இதமா இருக்கு."

ஆனால் காலையிலிருந்து வயிறு மறுபடி எரிகிறதாம். வெளிக்குக் கறுப்பாகப் போகிறதாம். ஏன்? கஞ்சியில் மிளகாய்கூடக் கிள்ளிப் போடவில்லையே. அவன் வாசலைத் தாண்டவில்லை. சட்டையை முகர்ந்தும் பார்த்துவிட்டேன். குடிக்கவில்லை என்று உன் மேல் சத்தியம் செய்தான். நம்புகிறேன். ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று, டாக்டரம்மாவிடம் போக.

ஜன்னலில் அரிஷ்ட பாட்டில். பாதிக்கு மேல் காலி. கருந்தேன் நிறம். அந்த வாசனை...

மூத்தவளைப் பெற்றுப் படுத்திருந்தபோது மாமியார் எனக்கும் இதுதான் கொடுத்தார். குடித்ததும் கூரை ஓடெல்லாம் மெல்ல மிதக்கும். "என்னத்தே, தலை இப்புடிக் கிறுகிறுங்குது?" என்று கேட்டேன்.

"பானையில புளிக்க வச்சு எறக்குறதுடி. சாராயம் இல்லாமயா இருக்கும்?" என்றார்.