பார்ப்பாரற்றவன் என்று எழுதிய மனு

ஐப்பசி 9.
விடிந்ததிலிருந்து தூறல். மைக்கூடு கவிழ்ந்து வேட்டியில் ஒரு தீவு. மனு எழுதிப் பிழைப்பவனுக்கு அதுவே சரிகை.

தம்பி சவரி நேற்றும் சந்தையில் நின்று கத்தல். "மலைத்தண்ணி வருது, ஓடுங்கலே!" மலைமேல் அணை வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியதிலிருந்து இதே பேச்சு. எட்டு மாதம். பானை விற்பவள் ஒருத்தி நிஜமாகவே ஓடிவிட்டாள். மூன்று பானை போச்சு. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாலையில் கான்ஸ்டபிள். "இனி ஒருக்கா தெருவுல கண்டா இழுத்துட்டுப் போயிருவேன், மனுக்காரரே. உத்தமபாளையத்துக்குக் கலெக்டர் துரை முகாம் வாராக. அதுக்குள்ள ஏதாச்சும் செய்யும்."

ஐப்பசி 10.
மழை இல்லை. முதுகுவலி உண்டு.

தம்பி பெண்டாட்டி ஞானம்மா கண்டுபிடித்த வைத்தியம்: தன் மணிக்கட்டையும் அவன் மணிக்கட்டையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு படுப்பது. அவன் எழுந்தால் அவளும் எழுவாள். கூழும் அவள் கையால் கொடுத்தால்தான் இறங்குகிறது. நான் கொடுத்தால் என் மேலேயே துப்புகிறான். புத்தி முழுக்கப் போய்விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி: "விலங்கப் போட்டு மாட்டுக்கொட்டத்துல தள்ளாம இதென்னடி, புதுசாக் கலியாணம் முடிச்சவுக மாதிரி?"

ஞா.: "ஆமா, மொதக் கலியாணத்துல சரியா முடிச்சுப் போடல."

சவரி சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை.

ஐப்பசி 11.
மனு எழுதியாயிற்று. கேட்பது இரண்டே: சர்க்கார் டாக்டரிடம் மருந்து, அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ள உத்தரவு.

என் மனு கல்லையும் கரைக்கும் என்று கம்பம் முதல் ஓடைப்பட்டி வரை பேச்சு. கிளப்பிவிட்டவன் நான்தான். வழக்கமான சரக்கு எல்லாம் போட்டேன்: திக்கற்ற, நாதியற்ற, பார்ப்பாரற்ற. பத்துப் பிள்ளை பெற்றவனையும் அநாதையாக்கித்தான் தீர்வை குறைக்கக் கேட்பது என் தொழில்.

ஞா.வுக்குப் படித்துக் காட்டினேன்.

"பார்ப்பாரில்லேன்னு போட்டிருக்கீக. நான் இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, அத்தான்?"

"மனுன்னா அப்படித்தான் ஆத்தா. உப்பில்லாத கஞ்சியத் துரை தொடமாட்டாக."

பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். என்னை நம்பி.

ஐப்பசி 14.
உ.பாளையம் முகாம். கொளுத்தும் வெயில். கூட்டத்தைக் கண்டு சவரி மிரளாதிருக்கப் பகலிலும் ஞா.வோடு கயிறு.

டாக்டர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மருந்து எழுதிக் கொடுத்தார். துரை மனுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பக்கத்தில் நின்ற குமாஸ்தா தமிழில்:

"கவனிக்க ஆளிருந்தா வீட்டாருகிட்டயே விடலாமுன்னு துரை சொல்றாக. நீரே ஆளில்லேன்னு எழுதியிருக்கீரு. அப்பப் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான்."

"அது... எழுதுற வழக்கமுங்க."

"துரைக்கே பொய் எழுதுனீரா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம். பொய் மனுவுக்கு ஜெயில் என்பது ஞாபகம் வந்தது. ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவன், வாயை மூடிக்கொண்டேன்.

ஞா. முன்னே போய்க் கையைத் தூக்கிக் காட்டினாள். "நான் இருக்கேன் சாமி. இந்தா பாருங்க, கயிறு."

துரை கயிற்றைப் பார்த்தார். முகம் சுளித்தது. குமாஸ்தா: "கட்டிப்போட்டு வச்சிருக்கீகளா? அம்புட்டு முரடனா?"

உத்தரவு எழுதி முடிந்தது.

ஐப்பசி 15.
மேகமூட்டம். விடிந்ததும் வண்டி. ரயிலடி வரைக்கும் கூட ஆள் வரக்கூடாதாம். கான்ஸ்டபிள் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். ஈர முடிச்சு, வரவில்லை. அறுத்தார். சவரி அவரிடம் மரியாதையாக, "நீங்களும் மேட்டுக்குப் போயிருங்க" என்றான். வண்டி ஏறினான். அடம் இல்லை.

ஐப்பசி 18.
மழை. வேலை எதுவும் எடுக்கவில்லை. வந்த இரண்டு பேரிடம் கண்ணில் வலி என்றேன்.

ஞா. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் நாலு கேலி சொல்லித் தப்பித்திருப்பேன். மத்தியானம் வந்து கேட்டாள்.

"பட்டணம் எந்தப் பக்கம், அத்தான்?"

கை காட்டினேன். எனக்கே தெரியாது. பாயை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.