கடைசி ஆளுக்குப் பின்னால்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். காய்ச்சலில் படுத்திருந்தாலும் நலம் என்றுதான் எழுதுவீர்கள். நர்ஸ்களிடம் உண்மையை வாங்குவது மகா கஷ்டம்.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டுக்குப் பணம் சேர்க்க நாம் வருஷா வருஷம் நடத்துகிற ஓட்டம் அடுத்த மாதம் முதல் ஞாயிறு. போஸ்டரை நம் அச்சகத்தில் நானே அடித்தேன். போன தடவை அடித்ததை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினேன். ஊரெல்லாம் ஒட்டின பிறகு பார்க்கிறேன், அடியில் ‘விவரங்களுக்கு: அண்ணி, நாத்தனார்’ என்று அப்படியே நிற்கிறது. ஊரே நம்மை அப்படித்தானே கூப்பிடுகிறது, ஓட்டத்துக்கு விசில் ஊதுகிற கண்டக்டர் மாமா உட்பட!

அண்ணன் அச்சகத்துக்கு வந்து தையா தக்கா என்று குதித்தார். “விவாகரத்து ஆகி எட்டு மாசம் ஆச்சு. எனக்கு இப்பதான் புதுசா கல்யாணம் ஆகியிருக்கு. போனவ பேரை எதுக்குடி போட்டே?”

“பேரே போடலையேண்ணா” என்றேன். கோபம் இன்னும் ஏறிவிட்டது.

எப்படியும் போட்டாயிற்று. அதனால் வந்துவிடுங்கள். எல்லாரும் ஓடின பிறகு, கடைசி ஆளுக்குப் பின்னால் சாக்கும் கையுமாகப் பேப்பர் கப் பொறுக்கிக்கொண்டு நடப்பது நம் வேலை. உங்களை விட்டுவிட்டு அதைச் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள்
வாலு

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

நலம். (நிஜமாகவே.)

புது ஆஸ்பத்திரியில் லீவு கேட்கிற அளவுக்கு இன்னும் வேர் பிடிக்கவில்லை. அதனால் கவனமாகக் கேட்டுக்கொள். தண்ணீர் மேஜையை நிழல் இருக்கிற பக்கம் போடு. போன தடவை வெயிலில் போட்டு வெந்நீர் கொடுத்தோம். முதலுதவிக்காரர்கள் பாலத்து இறக்கத்தில் நிற்கட்டும், விழுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் விழுகிறார்கள். மாமாவின் விசிலைக் கழுவச் சொல்.

இன்னொன்று. உன் அண்ணன் கோபித்ததில் தப்பில்லை. நான் இப்போது உனக்கு அண்ணி இல்லை. இங்கே எல்லாரும் என்னை சிஸ்டர் என்கிறார்கள். பழகிவிட்டது. நீயும் பழகிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அண்ணி

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணிக்கு, அண்ணிக்கு,

பழைய அண்ணியாமே! பழைய பேப்பர்காரனுக்குப் போடவா?

கோர்ட் பிரித்தது உங்கள் இரண்டு பேரை. என்னை யார் கேட்டார்கள்? நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

உங்களிடம் ஒளிக்கப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் நல்ல மாதிரி. வெறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஓட்டத்தன்று கடைசியில் நடக்க வரட்டுமா என்று கேட்டாள். “அதுக்கு ஆள் இருக்கு” என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். பாவம், சரி என்று உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் வராவிட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடும். வாருங்கள் அண்ணி.

வாலு

மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதமும் இல்லை, நீங்களும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “எல்லாரும் ஏறியாச்சாம்மா? ரைட் குடுக்கலாமா?”

“இன்னும் ஒருத்தர் வரணும் மாமா” என்றேன். ஓட வந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் எண் அட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றன. கடைசியில் தலையாட்டினேன். விசில் ஊதிவிட்டார்.

இந்தத் தடவை கடைசி ஆள் பேக்கரிக்காரர். பாலம் வருவதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நான் மட்டும். பாலத்து இறக்கத்தில் அவள், அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள், நின்றுகொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே கப்புகளைப் பொறுக்கி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள். போ என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சாக்கின் ஒரு முனையை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் தாண்டும்போது சொன்னாள்: “நீங்க என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடறதே இல்ல. ‘ஏங்க’, ‘இந்தாங்க’ன்னுதான் சொல்றீங்க.”

நான் குனிந்து அடுத்த கப்பை எடுத்தேன். அண்ணி என்கிற இடம் உங்களுடையது.

வார்டுக்குச் சேர வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது. கோபமாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

வாலு

மார்ச் 15

அன்புள்ள வாலுக்கு,

நான் வந்தேன்.

ஒரு தோழி எனக்காக டியூட்டி பார்த்தாள். முதல் பஸ்ஸில் வந்து மருந்துக்கடை ஓரமாகக் கூட்டத்தோடு நின்றேன். நீ எட்டி எட்டிப் பார்த்ததைப் பார்த்தேன். மாமா விசிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததையும் பார்த்தேன். ஒரு சாலையைத் தாண்டினால் போதும். ஆனால் எதிரில் உன் அண்ணன் நின்றார். விசில் ஊதியதும் குறுக்குத் தெரு வழியாகப் பாலத்துக்குப் போனேன், அங்கே உன்னோடு சேர்ந்துகொள்ளலாம் என்று.

எனக்கு முன்பே அவள் வந்திருந்தாள். குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள், புடவையில் தண்ணீர் பட்டதைக்கூடக் கவனிக்காமல். நீ சாக்கை நீட்டினாய். நான் திரும்பிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன், வாலு. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவளை அண்ணி என்று கூப்பிடு. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் எதைத் தொடலாம், எங்கே உட்காரலாம் என்று தெரியாமல் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீதான் ஓடி வந்து, “அண்ணி, எனக்குப் பின்னல் போட்டு விடுங்க” என்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். அப்போதுதான் நானும் உட்கார்ந்தேன். அவளை இன்னும் நிற்க வைக்காதே.

உன்னை விட்டுவிட எனக்கு மனசில்லை. அதற்காக அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. அடுத்த கடிதத்தை ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று ஆரம்பி. முதலில் கை வராது. பரவாயில்லை, மெதுவாக எழுது. நான் காத்திருக்கிறேன்.

உன்
அக்கா